ராஜம் அக்கா வேண்டாம் என்ற வேன்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்தே சாரல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

வேன் மறுபடியும் மயிலாடி ரோட்டில் நின்றுவிட்டது. ஓட்டுகிற செல்வன் அண்ணன் போனில், "லதா டீச்சரே, தள்ளதுக்கு ஆளு இல்ல. பிள்ளைய எல்லாம் உள்ள இருக்கு. நான் என்ன செய்யட்டு?" கடைசியில் எங்கள் வீட்டில் இவர்தான் உரக்கடையைச் சாத்திவிட்டு, உரம் வாங்க வந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளினார். பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது பாதிப் பொழுது போய்விட்டது. அபிஷா தொப்பலாக நனைந்திருந்தாள். நனைந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் வலிப்பு. துண்டு கிடைக்கவில்லை. முந்தானையால் துவட்டினேன்.

நாளை பெங்களூர் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது. செய்ய வேண்டியவை:

கக்கூஸுக்குப் பினாயில்.
கூடத்துச் சுவரில் பூசணம். காலண்டரை நகர்த்தி மாட்டலாம்.
பாக்கியத்தை நல்ல சேலையாகக் கட்டி வரச் சொல்ல.
பிஸ்கட், பழம்.
வேனை வாசலுக்கு நேரே நிறுத்த. கழுவக் கூடாது.

கடைசி யோசனை செல்வன் அண்ணனுடையது. "அவிய கண்ணுக்கு நல்லா தெரியட்டு டீச்சரே."

சிறப்புப் பிள்ளைகளுக்காக ராஜம் அக்கா ஒற்றை ஆளாய்த் தொடங்கிய இந்தப் பகல் மையத்தில் நான் சேர்ந்து பத்தொன்பது வருஷம். ஒரு கம்பெனி உதவ ஒத்துக்கொண்டு ஆள் அனுப்புவது இதுதான் முதல் தடவை. வேன்தான். வேறு என்னவாக இருக்கும்? அக்கா மட்டும் பட்டியலைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் கதவைப் பூட்டும்போது, "ரொம்ப கனவு காணாத மக்கா" என்றாள்.

கொட்டாரம் சந்தையில் சாளை மீன் மலிவு. வாங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வேன் இல்லை.

முதலில் இதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வேன் இல்லை, நாற்காலி இல்லை, ஓடு மாற்றித் தரப்போவதும் இல்லை.

வந்த பெண் பெயர் நந்தினி. சென்னைக்காரி. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கம்பெனி சமூக நலத்துக்கு என்று ஒதுக்குவதில் ஒரு பங்கை, எங்களைப் போன்ற அமைப்புகளைப் பலப்படுத்தச் செலவழிக்கிறதாம். "பொருள் குடுக்கிற திட்டம் இது இல்லைங்க. உங்க அமைப்பு நாளைக்கும் நிக்கணும். அதுக்கு என்ன வேணுமோ அதைச் சேர்ந்து செய்யப்போறோம்."

செல்வன் அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே திரும்பிப் போய் வேனைக் கழுவத் தொடங்கிவிட்டார்.

இது போதாதென்று, எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "நாளைக்கு ராஜம் மேடம் இல்லைன்னா இந்த மையம் என்ன ஆகும்?"

பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும் பாக்கியம் எழுந்தே விட்டாள். "இந்தப் பிள்ளைக்கு வாயில நல்ல வார்த்தை ஒண்ணும் வராதா? வந்து ஒரு நாளு ஆகல்ல, அதுக்குள்ள ஆளை அனுப்பப் பாக்குகா!" கமிட்டித் தலைவர் நல்லபெருமாள் சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அக்கா காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா மட்டும் கோபப்படவில்லை. "நல்ல கேள்விதான். ரெண்டு நாளு நடக்கும். மூணாம் நாளு கதவு தொறக்காது."

ஏதோ மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

பிஸ்கட்டை அந்தப் பெண் தொடவில்லை. பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். நல்லது.

ஜூன் 18, புதன்

வெயில். இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. முதலில் நடந்ததை முதலில்.

நந்தினி ஆளுக்கு ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாள் தந்தாள். ராஜம் அக்கா செய்யும் வேலைகளை, தாளுக்கு ஒன்றாக எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். ஒட்ட ஒட்டத் தீரவில்லை. கரண்டு ஆபீஸில் போய் நிற்பது. அபிஷாவின் மருந்து நாகர்கோவிலில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது. வீட்டுக்கார அம்மாவிடம் நயமாகப் பேசுவது. வெளிநாட்டில் இருந்து உதவுகிறவர்களுக்குப் பிள்ளைகளின் போட்டோ அனுப்புவது. பாக்கியம் கோபித்துக்கொண்டு போனால் வீட்டுக்குப் போய்க் கூட்டி வருவது. இதைப் பாக்கியமே சொல்லி எழுதவைத்தாள். சிரிப்பு.

பூசணம் பிடித்த சுவர் முழுக்க மஞ்சள். பிறகு நீலத்தாள் தந்தாள். அக்கா தவிர இன்னொருவருக்கும் அந்த வேலை தெரியும் என்றால், மஞ்சளின் மேல் நீலம் ஒட்ட வேண்டும். அங்கொன்று இங்கொன்று. சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அழுகிறாளோ என்று பின்னால் போனேன். இல்லை. கழுவி வைத்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் நந்தினியை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். சாளைப் புளிமுளக் குழம்பு கொண்டுபோயிருந்தேன். ருசித்துச் சாப்பிட்டாள். அந்தத் தைரியத்தில் கேட்டேன், "மேடம், இந்தப் பயிற்சி எல்லாம் முடிஞ்ச பிறகாவது ஒரு வேன் கிடைக்குமா?"

"வேன்தானே முதல்ல தரேன்னோம்" என்றாள்.

"யாரு?"

"எங்க கம்பெனிதான். நீங்க எழுதியிருந்தது வேனுக்குத்தான். அது ஓகே ஆயிடுச்சு. ராஜம் மேடம் போன் பண்ணி வேண்டாம்னாங்க. அதுக்குப் பதிலா இந்தத் திட்டத்துல சேர்த்துக்கச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வந்த வேனை வேண்டாம் என்றிருக்கிறாள். முந்தாநாள் அபிஷா நனைந்து வந்தபோதுகூட என் பக்கத்தில்தானே நின்றாள்!

ஜூன் 19, வியாழன்

அக்காவிடம் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் சண்டை வந்துவிடும் என்று நாள் முழுக்கப் பிள்ளைகளுடனேயே இருந்தேன். பாசிமணி கோக்கும் பயிற்சி. அபிஷா ஒரு பாசியை மூக்கில் போட்டுக்கொண்டாள். எடுத்தாயிற்று.

இவரிடம் மட்டும் சொன்னேன். "அவிய காரணம் இல்லாம செய்ய மாட்டாவ. நீ கெடந்து வெப்ராளப்படாத" என்கிறார். எனக்கு வெப்ராளமும் ஆத்திரமும் வராதா? ஒவ்வொரு மழைக்கும் வேனைத் தள்ளுகிறவர் இவர்தானே.

சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடும்போது செல்வன் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில், "டீச்சரே, அக்காளுக்கு சூக்கேடு வல்லதும் உண்டா?"

"ஏன்?"

"நாகர்கோவில் ஆசுபத்திரி வாசல்ல ரெண்டு மட்டம் பாத்தேன். ஒருக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னாவ. நான் கேக்கல்ல. நமக்கு என்னத்துக்குன்னு வந்துட்டேன்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் சேர்ந்து வந்தது. வேன் வேண்டாம் என்றது. "மூணாம் நாளு கதவு தொறக்காது" என்றது. போன வாரம் மருந்து அலமாரிக்கு இன்னொரு சாவி செய்துவந்து என்னிடம் தந்தது. போன மாதம் திடீரென்று முடிக்கு மை போட்டுக்கொண்டு வந்தாளே, நாங்கள் எல்லாரும் கேலி செய்தோமே, அதுகூட நோய் தெரியாமல் இருக்கத்தானோ?

கடவுளே. அந்த முதல் கேள்வியை நந்தினி தானாகக் கேட்கவில்லை. அக்காதான் கேட்கவைத்திருக்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

மாமியார் பதிக்குச் சாமி கும்பிடப் போனார்கள். அக்கா பேரையும் சொல்லி வேண்டிக்கொள்ளச் சொன்னேன். "என்னத்துக்கு?" என்றார்கள். "சும்மா" என்றேன்.

இன்று அக்காவைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. இரண்டு தோசை தின்றாள். நோயாளி இரண்டு தோசை தின்பாளா?

நாளை வட்டக்கோட்டைக்குப் போகிறோம். பிள்ளைகள், பெற்றோர், எல்லாரும். சேர்ந்து விளையாடினால் சேர்ந்து வேலை செய்ய வரும் என்கிறாள் நந்தினி. அங்கே வைத்துக் கேட்டுவிட வேண்டும்.

ஜூன் 21, சனி

எங்கிருந்து தொடங்க?

கோட்டையில் காற்று என்றால் காற்று. மதில்மேல் நின்றவர்களின் சேலையெல்லாம் கொடியாகப் பறந்தது. நந்தினி ஒரு பெரிய பந்தைக் கொடுத்து, பெற்றோரும் பிள்ளைகளும் வட்டமாக நின்று கீழே விழாமல் தட்டவேண்டும் என்றாள். அபிஷாவின் அம்மா சுகந்தி முதல் ஆட்டத்திலேயே இரண்டு பேரைத் திட்டிவிட்டாள். அவள் முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸில் மேற்பார்வை. அங்கே எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை.

அக்கா கடல் பக்கம் பார்த்து மதில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். போய் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

"அக்கா, டாக்டரு என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டரு?"

"எங்கிட்ட மறைக்காதீங்க. நாகர்கோவில்ல உங்களைப் பாத்தவிய உண்டு. எந்த நிலைமையில இருக்கு? மெட்ராசுக்கு வேணும்னா கொண்டு போகலாம். இவரு வருவாரு. நான் வாறேன்."

அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என்னையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, எனக்கு ஒரு சூக்கேடும் இல்ல. அது அவருக்குக் கண்ணுல புரை எடுத்தது. கூடப் போக ஆளில்ல. நான் போனேன். கட்டு அவுத்ததும் என்னப் பாத்துட்டு, சேலை நல்லாருக்குன்னாரு. எனக்கு அழுகையா வந்துட்டு. அதைத்தான் எவனோ பாத்திருக்கான்."

"அவருன்னா எவரு?"

"பிரியாவுக்க அப்பா."

எனக்குப் புரியவில்லை. பிரியா எங்கள் மையத்தில் படித்த பிள்ளை. காய்ச்சலில் இறந்து பல வருஷம் ஆகிறது. அவள் அப்பா வேலப்பன் அப்போது கன்னியாகுமரி பஸ்ஸில் கண்டக்டர். அவள் அம்மா முன்பே இறந்துவிட்டார். வேலப்பன் ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரான அருமனைக்குப் போய், இருக்கிற கொஞ்சம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார். பிரியா பிறந்தநாளுக்கு மட்டும் தவறாமல் பாயசம் கொண்டு வருவார். எங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆனால்...

"நானும் அவரும் கல்யாணம் கெட்டப் போறோம் மக்கா. ஆடி பொறக்கதுக்கு முன்ன."

நான் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று. அவள் சிரிக்கவில்லை.

"அதான் வேன் வேண்டாம்னேன். வேன் வந்தா அதுக்கு ஒரு அஞ்சு வருஷம் நான் நின்னு பாக்கணும். டிரைவரு, டயரு, இன்சூரன்சுன்னு. எனக்குப் போகணும். நான் போனாலும் இது நிக்கணும். அதுக்கு ஆளு அனுப்புவியளான்னு கேட்டேன். அனுப்புனாவ."

"உங்களுக்கு அம்பத்தெட்டு வயசு அக்கா."

"தெரியும்."

"போகாம இருக்கப்பிடாதா? கல்யாணம் கெட்டிட்டு இங்கயே வந்து இருக்கலாம்லா?"

"இல்ல. பக்கத்துல இருந்தா விடமாட்டேன். நீங்களும் விடமாட்டிய." பறந்த முந்தானையை இழுத்துச் செருகினாள். "எனக்கு ஒரு நாளாவது மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு ஒறங்கணும் லதா. போன் அடிக்கப்பிடாது."

"அதுக்குக் கல்யாணம் என்னத்துக்கு? லீவு போடுங்க."

"அவரு இருக்காருல்லா" என்றாள்.

வெட்கப்பட்டாள் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். வெட்கப்பட்டாள். ராஜம் அக்கா!

நான் எழுந்து பந்து தட்டப் போய்விட்டேன். சுகந்தி, "டீச்சரே, பந்து உங்க தலைக்கு மேல போகுது, நீங்க எங்க பாக்குதிய?" என்று கத்தினாள்.

ஜூன் 22, ஞாயிறு

கடை இல்லை. இவர் வீட்டில்.

சொன்னதும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "நல்ல காரியம் தான லதா?"

நல்ல காரியம்தான். அதுதான் கஷ்டம். செத்துப்போகப் போகிறாள் என்று நினைத்து நான் அழுதேனே, அந்த அழுகை நிம்மதியாக இருந்தது. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கூட இருக்க வேண்டும், கஞ்சி வைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சந்தோஷமாக விட்டுப் போகிறவளை என்ன செய்வது? கோபப்பட்டால் நான் கெட்டவள்.

எங்கள் யாரையும் கேட்காமல், ஒரு கம்பெனியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

மாவு அரைக்கவில்லை. புட்டு.

ஜூன் 24, செவ்வாய்

நந்தினி நாளைக் காலை ரயிலில் போகிறாள். இனிமேல் வாரம் ஒரு நாள் வீடியோவில் வருவாள்.

பஸ் ஸ்டாப்பில் அவளோடு நின்றேன். உங்களுக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். "போகணும்னு சொன்னாங்க. கல்யாணம்னும் சொன்னாங்க. அதை உங்ககிட்ட அவங்களே சொல்லணும், இல்லையா?"

பிறகு சொன்னாள். இப்படி நிறைய அமைப்புகளுக்குப் போயிருக்கிறாளாம். தொடங்கியவர்களிடம் "உங்களுக்குப் பிறகு யார்" என்ற பேச்சை எடுப்பதுதான் பெரிய பாடாம். ஒரு இடத்தில் டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்களாம். "தானா வந்து, நான் போகணும், வழி சொல்லுங்கன்னு கேட்டது நான் பார்த்ததுல இவங்க ஒருத்தர்தான். எங்க ஆபீஸ்ல நம்பவே இல்லை."

இன்னொன்றும் சொன்னாள். பொறுப்பேற்கப் போகிறவருக்கு இரண்டு வருஷம் கம்பெனியே சம்பளம் தரும். யார் என்பதை அக்காவும் கமிட்டியும் சொல்வார்கள்.

பஸ் வந்துவிட்டது.

நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். வேறு யார்?

ஜூன் 28, சனி

பெற்றோர் கூட்டம். மழை கொட்டியும் எல்லாரும் வந்துவிட்டார்கள். விஷயம் எப்படியோ ஊரில் பரவிவிட்டது. வேலப்பன் அண்ணனும் வந்து பின்னால், செருப்பு கிடக்கும் இடத்தின் பக்கத்தில் நின்றார்.

அக்கா எழுந்து நேராகச் சொன்னாள். கல்யாணம், அருமனை, இந்த ஆனி மாதத்தோடு சரி.

முதலில் எழுந்தது சுகந்தி.

"அறுவது வயசுல இவியளுக்குக் கல்யாணம் கேக்குதோ? எம்பிள்ளைக்கு வலிப்பு வந்தா நான் யாரைக் கூப்பிட? உங்க வாக்கை நம்பித்தானே நான் வேலைக்குப் போறேன்? இப்பம் நடுரோட்டுல விட்டுட்டுப் போனா என்ன அர்த்தம்?"

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். ஒரு தகப்பனார் பிள்ளையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனிமே இவ வரமாட்டா" என்று எழுந்து போயே விட்டார். பிள்ளை வாசலைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனது.

வேலப்பன் அண்ணன் பின்னாலிருந்து, "நான் ஒண்ணு பறயட்டா? நிங்களுக்கெல்லாம் மனசுக்கு வெஷமமுண்டுன்னா இது வேண்டாம். நான் வெலகி நிக்குகேன்" என்றார். கை கூப்பியிருந்தார்.

"நீங்க சும்மா இரியுங்க" என்றாள் அக்கா. அவருக்கு மட்டும் அல்ல, கூடத்துக்கே சொன்ன மாதிரி இருந்தது.

பிறகுதான் அந்த இடி. "சுகந்தி, நீ இப்பம் போட்டியே சத்தம், அது இந்த இடத்துக்கு வேணும். போன வருஷம் அடையாள அட்டைக்குப் போனப்ப, ஆபீசரு நாளைக்கு வான்னாரு. நானும் லதாவும் திரும்பி வந்துட்டோம். நீ பிள்ளையோட அங்கேயே இருந்து வாங்கிட்டுல்லா வந்தே? பொறுப்பு நீதான் எடுக்கணும். உள்ள பிள்ளையளை லதா பாப்பா. வெளிய நீ பாரு."

சுகந்தி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நல்லபெருமாள் சார் எழுந்து, "ராஜம், அது... அண்டி ஆபீஸில்..." என்று ஏதோ தொடங்கி, சுகந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு இங்கிலீசு வராதே" என்றாள் சுகந்தி கடைசியில்.

"லதாவுக்கு வரும்" என்றாள் அக்கா.

நான் எழுந்து அடுக்களைக்குப் போய் நின்றேன். அக்கா பின்னால் வந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்பே. உனக்கு இஷ்டமில்லாட்டியும் சரிம்பே. உனக்கு யாருகிட்டயும் மாட்டேன்னு சொல்ல வராது மக்கா. உன் கையில குடுத்தா நீ ஒரு வருஷத்துல படுத்திருவே. அதான் கேக்கல்ல."

பத்தொன்பது வருஷம். இதைச் சொல்ல இவ்வளவு காலமா எடுத்துக்கொண்டாள்?

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவள் சொன்னது சரி.

ஜூலை 3, வியாழன்

வெயிலும் மழையும். சளி.

அக்காவோடு வேலைக்கு வேண்டியது மட்டும் பேசுகிறேன்.

சுகந்தி அண்டி ஆபீஸில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். முதல் நாளே செல்வன் அண்ணனோடு சண்டை. இரண்டாம் நாள் ஒர்க்ஷாப்காரரோடு சண்டை. மூன்றாம் நாள் வேன் தள்ளாமலே கிளம்பியது. ஒர்க்ஷாப்காரர் இதுவரை எதை மாற்றாமல் மாற்றினேன் என்று சொல்லி வந்தாரோ, அது இப்போது நிஜமாகவே மாறியிருக்கிறது.

நேற்றுக் கமிட்டி கூடியது. நிஜமாகவே கூடியது. இத்தனை வருஷமாக அக்கா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதுதான் கூட்டம். நந்தினி வீடியோவில் இருந்தாள். நல்லபெருமாள் சார் ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு, தானே ஆச்சரியப்பட்ட மாதிரி சுற்றிலும் பார்த்தார்.

சுவரில் நீலத்தாள் கூடியிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் சில விழுந்துவிடுகின்றன. பாக்கியம் அவற்றைச் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டுகிறாள்.

பையை எடுத்துக்கொண்டு போன தகப்பனார் திரும்பி வரவில்லை. சுகந்தி வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். கதவைத் திறக்கவில்லையாம். அந்தப் பிள்ளையின் தட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது. இதை அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஜூலை 11, வெள்ளி

அருமனைக்கு வேனில் போனோம். ரப்பர் மரங்களுக்குள் ரோடு இருட்டாக இருந்தது. பிள்ளைகள் கூவிக்கொண்டே வந்தார்கள்.

சின்னக் கோயில். நாதஸ்வரம் இல்லை. அவர் பக்கம் நாலு பேர். நாங்கள்தான் கூட்டம். அக்கா சந்தன நிறப் பட்டு. முடியில் பிச்சிப்பூ. முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. வேலப்பன் அண்ணன் வேட்டியைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

தாலி கட்டும்போது அவர் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மற்ற முடிச்சுகளை மாப்பிள்ளையின் அக்கா தங்கை போட வேண்டும். அவருக்குக் கூடப்பிறந்த பெண் யாரும் இல்லை. பூசாரி, "ஆராவது வாருங்கோ" என்றார். யாரும் அசையவில்லை.

"லதா" என்றாள் அக்கா. திரும்பாமல், குனிந்த தலையோடு.

இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவளை.

போனேன். அக்காவின் கழுத்து வேர்த்திருந்தது. முடிச்சு ஒழுங்காக விழவில்லை. அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். இறுக்கிப் போட்டேன். அவிழ்ந்துவிடக்கூடாதே என்று இருந்தது. அப்போதுதான் என் கோபம் போய்விட்டது தெரிந்தது. எப்போது போனது?

அபிஷா அட்சதையை எறியாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அடைப் பிரதமன் இரண்டு தடவை.

ஜூலை 14, திங்கள்

அக்கா இல்லாத முதல் நாள். காற்று பலம். கொடியில் காய்ந்த துண்டுகள் வயலில் கிடந்தன.

எதுவும் ஆகவில்லை. கதவு திறந்தது. பிள்ளைகள் வந்தார்கள். கரண்டு போனது, சுகந்தி போன் செய்து கத்தினாள், வந்தது. அபிஷா மட்டும் அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அதில் உட்காரப் போனேன், தள்ளிவிட்டாள். சுகந்தி உட்காரப் போனாள், அவளையும். கடைசியில் அபிஷாவே உட்கார்ந்துகொண்டாள். விட்டுவிட்டோம்.

நந்தினியிடமிருந்து மெயில். கம்பெனிக்கு ஒரு சின்னக் குறிப்பு வேண்டுமாம். எங்கள் ஆதரவால் உங்கள் அமைப்பில் நேர்ந்த மாற்றம் என்ன? நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். என்ன எழுத? எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று என்று எழுதலாமா? சுகந்தியிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சரே. அதானே நடந்தது?" என்கிறாள். முதல் வரியாக அதையே எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரத்தில் போன் அடித்தது. அக்கா.

"ஏட்டி, அபிஷாவுக்கு மருந்து குடுத்தியா? மத்த மருந்தை அரை மாத்திரைதான் குடுக்கணும், கேட்டியா. அந்தத் தகப்பன்காரரு வந்தாரா? வரல்லைன்னா நான் ஒருக்கா பேசிப் பாக்கட்டா? கேஸ் தீரப்போகுது, பாக்கியத்துக்கிட்ட..."

"அக்கா."

"என்ன?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம். நீங்க வேண்டாம்."

போனில் பின்னால் எங்கோ வேலப்பன் அண்ணன் சத்தம், தண்ணீர் காய்ந்துவிட்டது என்றோ ஏதோ.

"வேண்டாமா?" என்றாள் அக்கா.

"வேண்டாம்" என்றேன். வைத்துவிட்டேன்.

நான்தான் வைத்தேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். சுகந்தி சோற்றுச் சட்டியோடு வந்து நின்றாள்.

"யாரு டீச்சரே?"

"ராங் நம்பர்" என்றேன்.

கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்துவிட்டு அகப்பையை என் கையில் தந்தாள்.